தாலாட்டும் அபின் உருண்டையும்

ஊரெல்லாம் அடங்கிய நள்ளிரவில் நம் குடியிருப்பை ஒருமுறை சுற்றி வருவோர், ஏதேனும் ஒரு மாடியில் ஒரு சன்னல் மட்டும் வெளிச்சமாய் இருப்பதைக் காண்பர். அவ்வறையில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கும். அதனைத் தோளில் சாய்த்தவாறு ஓர் இளந்தாய் இக்கோடிக்கும் அக்கோடிக்கும் நடந்துகொண்டிருப்பாள். விடிந்தால் கணவனும் அவளும் மின்சார ரயில் பிடித்து அலுவலகம் செல்ல வேண்டும். தாய்வீடோ ஆயிரம் கல் தொலைவில் இருக்கிறது.

"குழந்தை இரவில் தூங்குகிறதா?" குழந்தை பிறந்த வீட்டிற்கு வருவோர் முதலில் கேட்கும் கேள்வி இது. இல்லை என்று விடை வந்தால் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். ஒருவர் வசம்பு என்பார். மற்றொருவர் கசகசா என்பார். இன்னொருவர் கடையில் விற்கும் புட்டிமருந்து ஒன்றின் பெயரைச் சொல்வார். இந்தக் கேள்விக்கும் இந்த மருந்துகளுக்கும் நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் துயரமான ஏடு ஒன்று நாம் வாழும் இந்த மும்பை மாநகரிலேயே எழுதப்பட்டது. நம் குடும்பங்கள் அதனை அறிந்திருத்தல் நலம் எனக் கருதி ஈண்டு எழுதத் துணிந்தோம்.

நாவால் ஆட்டிய தொட்டில்

குழந்தையை உறங்க வைக்கும் கவலை மனிதகுலத்தோடு உடன்பிறந்தது. ஏறத்தாழ 4,000 ஆண்டுகட்கு முன் பாபிலோனிய நாட்டார் களிமண் ஏட்டில் பொறித்த பாட்டு ஒன்று கிடைத்துள்ளது. குழந்தையின் அழுகை வீட்டுத் தெய்வத்தின் உறக்கத்தையே கலைத்துவிட்டது என்று முறையிடுகிறது அப்பாட்டு. அந்நாளைய தாயும் நள்ளிரவில் விழித்திருந்தவளே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

நம் முன்னோர் கண்ட வழி தாலாட்டு. தால் என்பது நாவு. நாவை அசைத்துப் பாடுவதாதலின் தாலாட்டு என்னும் பெயர் வந்தது என்பர். பெரியாழ்வார் கண்ணனையும், குலசேகராழ்வார் இராமனையும் குழந்தையாக வைத்துத் தாலாட்டினர். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் மூன்றாவது தாலப் பருவம். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மீது பிள்ளைத்தமிழ் பாடினார். நாடாளும் மன்னனாயினும் உலகாளும் தெய்வமாயினும், உறங்குவதற்கு ஒரு தாயின் குரல் வேண்டும் என்று தமிழர் எண்ணினர் போலும்.

ஏட்டில் ஏறாத நாட்டுப்புறத் தாலாட்டுகளைக் கேட்டால் வேறோர் உண்மை புலப்படும். அவற்றில் தாய் தன்னைப்பற்றிப் பாடுவது குறைவு. மாமன் கொண்டுவரும் சீரைப் பாடுவாள், அத்தையைப் பாடுவாள், பாட்டியையும் பாட்டனையும் பாடுவாள். உறவினர் அனைவரும் வரிசையாக அப்பாட்டுக்குள் வந்து போவர். இஃது அழகுக்காக மட்டும் அமைந்தது அன்று என்பது நம் கருத்து. அந்தக் குழந்தையை மாறி மாறி ஏந்தும் கைகள் அவ்வீட்டில் உண்மையாகவே இருந்தன. தாய் சோர்ந்தபோது பாட்டி ஏந்தினாள். பாட்டி அயர்ந்தபோது அத்தை தூளியை ஆட்டினாள். தாலாட்டு என்பது ஒரு வகையில் அந்தக் கைகளின் பெயர்ப்பட்டியல் ஆகும்.

பாட்டோடு மருந்தும் இருந்தது. வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், சுக்கு முதலியவற்றைக் கல்லில் உரைத்துத் தாய்ப்பாலில் குழைத்து நாவில் தடவும் உரைமருந்தை நம் வீட்டு மூதாட்டியர் அறிவர். வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே ஒரு பெயர் உண்டு. ஆயினும், முதல் ஆறு திங்கள் தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டா என்பதே இன்றைய மருத்துவர் முடிபு. வழக்கம் பழையது என்பதனாலேயே அது தீங்கற்றது ஆகிவிடாது.

ஆலைச் சங்கு ஒலித்த காலம்

இனி மும்பைக்கு வருவோம். கவாஸ்ஜி நானாபாய் தாவர் என்னும் பார்சி வணிகர் 1854இல் நிறுவிய நூற்பாலை 1856இல் இயங்கத் தொடங்கியது. அடுத்த எழுபது ஆண்டுகளில் பரேல், லால்பாக் சுற்று வட்டாரம் முழுவதும் புகைபோக்கிகளாக நிறைந்தது. மக்கள் அதனைக் கிரண்காவ், அதாவது ஆலையூர் என்று அழைத்தனர். இரத்தினகிரி, சதாரா முதலிய மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாய் உழைப்பாளர் வந்து, சால் எனப்படும் அடுக்குக் கட்டடங்களில் ஒற்றை அறைகளில் குடியேறினர்.

1920களில் ஆலைத் தொழிலாளருள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் மகளிர். நூல் சுற்றும் பகுதிகளில் அவர்களே மிகுதி. பெண்கள் நாளொன்றுக்குப் பதினொரு மணி நேரத்திற்கு மேல் வேலை செய்யலாகாது என்று 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வரையறுத்தது. அதனைப் பெரிய சீர்திருத்தம் என்று அக்காலத்தார் கொண்டாடினர் என்றால், அதற்கு முன்னிருந்த நிலையை நாமே உய்த்துணரலாம்.

பதினொரு மணி நேரம் தாய் ஆலைக்குள் இருக்கிறாள். கைக்குழந்தை ஒற்றை அறையில் கிடக்கிறது. அல்லது ஆலையின் ஒரு மூலையில் பஞ்சுத் தூசிக்கிடையே கிடக்கிறது. மாமியாரும் நாத்தனாரும் கொங்கணத்துச் சிற்றூரில் இருக்கிறார்கள். அழுதால் யார் எடுப்பார்? இந்த வினாவுக்கு அந்நகரக் கடைத்தெரு ஒரு விடை வைத்திருந்தது. 'பாலகோளி' என்பது அதன் பெயர். பாலர்க்குரிய உருண்டை என்பது பொருள். உள்ளே இருந்தது அபின்.

வேலைக்குப் புறப்படுமுன் ஓர் உருண்டை. பகல் முழுவதும் குழந்தை அசையாது. இரவில் மீண்டும் ஓர் உருண்டை; தாய் சிறிது கண்ணயர்வாள். பார்ப்பவர்க்கு இதைவிட நல்ல குழந்தை இல்லை. உண்மையில் நிகழ்ந்ததோ வேறு. அபின் மூச்சின் வேகத்தைத் தளர்த்தும், குடலின் இயக்கத்தைக் கட்டும், பசியை மழுக்கும். பசி எழாத குழந்தை பாலுக்கு அழாது. பாலுண்ணாத குழந்தை நாளடைவில் மெலியும். அளவு சிறிது மிகுந்தாலும் அவ்வுறக்கத்திலிருந்து அது எழுவதில்லை.

இது மறைவான செய்தியாக இருக்கவில்லை. 1893இல் அமைக்கப்பட்ட அரச அபின் விசாரணைக் குழு, குழந்தைகட்கு அபின் கொடுக்கும் வழக்கத்தைப்பற்றிப் பலரிடம் சாட்சியம் கேட்டுப் பதிவு செய்தது. 1931இல் அறிக்கை அளித்த அரசத் தொழிலாளர் விசாரணைக் குழுவும், ஆலை நகரங்களில் உழைக்கும் தாய்மார் குழந்தைகட்கு அபின் ஊட்டும் கொடுமையைக் குறித்தது. 1921இல் பம்பாய் நகரில் பதிவான பிறப்புகளில் ஆயிரத்துக்கு 600க்கு மேற்பட்ட குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்ததாகக் கணக்கு காட்டிற்று. தாய்மார் பலர் மகப்பேற்றுக்குச் சொந்த ஊர் சென்று குழந்தையோடு திரும்பியதனால், பிறப்பு அங்கும் இறப்பு இங்குமாகப் பதிவாகி அவ்வெண் பெருத்தது உண்மையே. காற்றற்ற அறையும், நோயும், வறுமையும் சேர்ந்து செய்த கொலை அது. அபின் அவற்றுள் ஒன்று. ஆயினும் அவ்வெண்ணைப் படிப்போர் கண் கலங்காதிரார்.

அத்தாய்மாரைக் கல்நெஞ்சர் என்று பழித்தல் எளிது. அவர்கள் கல்நெஞ்சர் அல்லர். ஏந்துவதற்குக் கை இல்லாத இடத்தில் உருண்டை நுழைந்தது, அவ்வளவே.

இஃது ஒரு நாட்டின் குறை அன்று

இங்கிலாந்தின் கதையும் இதுவே. அங்கு நாட்டிங்காம் நகரத்தில் சரிகைப் பின்னல் வேலை செய்த ஏழைத் தாய்மார், 'காட்ஃபிரே கார்டியல்' என்னும் அபின் கலந்த இனிப்பு நீரைக் குழந்தைகட்கு ஊட்டியதை 1840களில் நடந்த விசாரணைகள் வெளிப்படுத்தின. 1868இல் மருந்துக்கடைச் சட்டம் பிறந்த பின்னரே அபின் விற்பனைக்கு ஓரளவு கட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவில் 1849 முதல் விற்பனையான 'மிசஸ் வின்ஸ்லோ' என்னும் பாகு மருந்தில் மார்ஃபின் இருந்தது. புட்டிக்குள் இருப்பதை மேற்சீட்டில் சொல்ல வேண்டும் என்று 1906இல் சட்டம் வந்தபோதுதான் பல தாய்மாருக்கு அவ்வுண்மை தெரிந்தது.

அதே நாட்டிங்காமில்தான் 1851இல் வில்லியம் உட்வர்டு என்பவர் கிரைப் வாட்டரை உருவாக்கினார். நம் வீடுகளில் மூன்று தலைமுறையாக இடம் பெற்ற புட்டி அது. அதில் அபின் இல்லை. ஆனால் பழைய செய்முறையில் சிறிதளவு மதுசாரம் இருந்தது. 1990களில் இங்கிலாந்தில் அது நீக்கப்பட்டது. பாட்டி காலத்தில் குழந்தை உடனே அமைதியுற்றதற்கு அந்த மதுசாரமும் ஒரு காரணமோ என ஐயுறுவார் உண்டு.

சட்டமும் கடிகாரமும்

பாலகோளியை ஒழித்தது எது? தடை மட்டும் அன்று. மகப்பேற்று நலச் சட்டத்தை இந்தியாவில் முதன்முதல் 1929இல் கொண்டுவந்தது பம்பாய் மாகாணமே. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் பணிபுரியும் தொழிற்சாலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்டது. மருத்துவத் தேவையின்றி அபின் உண்பதைப் பத்தாண்டுகளில் அறவே ஒழிப்பது என்று 1949இல் முடிவு செய்யப்பட்டு, 1959இல் அது நிறைவேறியது. 1961இல் நாடு முழுமைக்கும் மகப்பேற்று நலச் சட்டம் வந்தது. 2017இல் அவ்விடுப்பு 26 வாரங்களாக உயர்ந்தது. தாய்க்கு நேரமும் குழந்தைக்குக் காப்பகமும் கிடைக்கக் கிடைக்க உருண்டைக்கு இடம் குறைந்தது. 1982ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்திற்குப்பின் ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. இன்று அந்நிலங்களில் வானளாவிய மாளிகைகள் நிற்கின்றன.

உருண்டை போன இடத்தில் கடிகாரம் வந்து அமர்ந்தது. நான்கு மணிக்கு ஒருமுறை பால், இரவில் பாலே இல்லை என்று நியூசிலாந்து மருத்துவர் துரூபி கிங் வகுத்த முறையை 1907இல் தோன்றிய பிளங்கட் கழகம் பரப்பியது. குழந்தையை முத்தமிடுவதும் மடியில் வைப்பதும் தீது என்று 1928இல் அமெரிக்க உளநூலார் வாட்சன் எழுதினார். 1946இல் மருத்துவர் ஸ்பாக் அக்கடுமையைத் தளர்த்தி, தாய் தன் அறிவை நம்பலாம் என்றார். அறிஞர் மாறினர், அறிவுரை மாறியது, நள்ளிரவில் விழிக்கும் குழந்தை மட்டும் மாறவில்லை.

மாறாமைக்குக் காரணம் இயற்கை. வளர்ந்தோர் உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை சுற்றிவரும். பச்சிளங்குழந்தையின் சுற்று ஏறத்தாழ 50 நிமிடமே. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அது விழிப்பின் விளிம்புக்கு வருகிறது. பகல் இது, இரவு இது என்று உடல் பிரித்தறியவே இரண்டு மூன்று திங்கள் ஆகும். அதன் சிறு வயிறு விரைவில் காலியாகிறது. ஆதலின் இரவில் விழித்து அழும் சிசு நோயுற்றதும் அன்று, பொல்லாததும் அன்று.

நாம் செய்யத்தக்கது

மருத்துவர் இன்று கூறும் வழிகள் எளியவை. பகலில் குழந்தை வெளிச்சமும் பேச்சும் உள்ள இடத்தில் இருக்கட்டும். இரவில் விளக்கும் குரலும் தாழட்டும். குளியல், பால், பாட்டு, படுக்கை என்று நாள்தோறும் ஒரே வரிசை நிலவட்டும். கண் சொருகும்போதே படுக்கையில் விட்டால், இடையில் விழித்தாலும் தானே உறங்கக் குழந்தை நாளடைவில் பழகும். மல்லாக்கப் படுக்க வைத்தலே நன்று. 1991இல் இங்கிலாந்திலும் 1994இல் அமெரிக்காவிலும் இதனை இயக்கமாகவே பரப்பியபின், தொட்டிலில் நேரும் திடீர் இறப்புகள் பெரிதும் குறைந்தன. தலை உருண்டையாவதற்கென்று நாம் வைக்கும் கடுகுத் தலையணையும் முதலாண்டில் வேண்டா. இறுக்கமான சமதளப் படுக்கை போதும். தூளியைக் கைவிட வேண்டா. ஆனால் பார்த்துக்கொள்ள ஒருவர் விழித்திருக்கும்போது மட்டும் அது ஆகட்டும். கசகசாப் பாலும், பிராந்திச் சொட்டும், மருத்துவர் எழுதாத சளிமருந்தும் பாலகோளியின் பேரப்பிள்ளைகளே என்பதை மறவாதிருப்போம்.

எனினும் இவை அனைத்தினும் பெரிய தேவை ஒன்று உண்டு. அது கை. ஆலையூர்த் தாய்க்கும் நம் மாடிவீட்டுத் தாய்க்கும் இடையே ஒரு நூற்றாண்டு கிடக்கிறது. ஆயினும் இருவரும் தனித்தே விழித்திருப்பவர்கள். நம் முன்னோர் இரவை யாமங்களாகப் பகுத்தனர். முதல் யாமத்தைத் தந்தை ஏற்கட்டும். பாலூட்டியபின் குழந்தையைத் தோளில் போட்டு நடப்பதற்கு ஆணின் தோளும் தகுதியுடையதே. பக்கத்து வீட்டுப் பாட்டி மாலையில் இரண்டு மணி நேரம் குழந்தையை ஏந்தட்டும். அந்த இரண்டு மணி நேரம் தாய் உறங்கட்டும். சங்கத்தில் இலக்கியக் கூட்டத்துக்கும் பொங்கல் விழாவுக்கும் ஒன்று கூடும் நாம், கைக்குழந்தை உள்ள வீடு எது என்று கேட்டு அவ்வீட்டுக் கதவைத் தட்டுவதையும் சங்கப் பணியாகக் கொள்ளலாகாதா?

மாமனும் அத்தையும் ஊரில் இருக்கிறார்கள். இங்கே அவர்கள் இடத்தில் நிற்கக் கடமைப்பட்டோர் நாமே. அவ்வாறு நிற்போமாயின், இந்தக் குடியிருப்பில் பாடப்படும் தாலாட்டில் நம் பெயர்களும் இடம் பெறும்.