சிறு குழுக்களின் ஆயுள்

2024 ஆகஸ்டில் எங்கள் சர்வர் நின்றுபோயிற்று. எங்கள் என்று நான் சொல்வது முப்பத்தேழு பேரை. கவிதை எழுதுகிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள், எதுவும் எழுதாமல் படிக்க மட்டும் செய்கிறவர்கள். 2022 அக்டோபர் கடைசியில் ட்விட்டர் கைமாறியபோது ஒரு நண்பர் தம் சொந்தச் செலவில் ஒரு மாஸ்டடான் சர்வரை நிறுவி எங்களைக் கூப்பிட்டார். இரண்டு வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக நடந்தது. பிறகு அவர் வேலை மாறி வெளிநாடு போனார். வாடகை கட்டிவந்த கார்டு காலாவதியாயிற்று. நினைவூட்டல்கள் அவர் பார்ப்பதை விட்டுவிட்ட ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பக்கம் திறக்கவில்லை. நகல் எதுவும் யாரிடமும் இல்லை.

நான் வங்கியில் குமாஸ்தா. சாயங்காலம் கணக்கை முடித்து, நகல் எடுத்தாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் செம்பாக்கத்துக்கு பஸ் ஏறுகிறவன். அப்படிப்பட்டவன் அந்த நண்பரிடம் ஒரு தடவைகூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை கிடையாது. நான் கேட்டுக்கொள்ள விரும்புவது வேறு: ஒரு சிறு குழு எதனால் உயிரோடிருக்கிறது, எதனால் சாகிறது? தமிழில் இந்தக் கேள்விக்கு அறுபது வருஷத்துக்கு மேலான சரித்திரம் இருக்கிறது. அதை நாம் இந்த விஷயத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

முதலில் இந்த ஏற்பாடு என்ன என்பது. ஒரு வங்கியின் காசோலை இன்னொரு வங்கியில் பணமாகிறது. இரண்டுக்கும் பொதுவான பேரேடு கிடையாது. அவரவர் பேரேடு அவரவரிடம். நடுவில் இருப்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு முறை. முன்பு காசோலைகளைக் கட்டாகக் கட்டி கிளியரிங்குக்கு அனுப்புவார்கள். சென்னையில் 2011இலிருந்து அவற்றின் பிம்பம் மட்டும் போகிறது. மாஸ்டடான் போன்றவையும் இப்படித்தான். ஒவ்வொரு சர்வரும் தனி. தனக்கென்று சட்டதிட்டம், தனக்கென்று ஆட்கள். ஒன்றிலிருப்பவர் எழுதுவதை மற்றொன்றிலிருப்பவர் படிக்கலாம், பதில் சொல்லலாம். அதற்கான பொது விதி ஆக்டிவிட்டிபப். 2018 ஜனவரியில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அதை அங்கீகரித்தது. ஆனால் ஒரு வித்தியாசம். கிளியரிங்குக்குப் பின்னால் ரிசர்வ் வங்கி நிற்கிறது. வங்கியே முழுகினாலும் 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டு. இங்கே விதி மட்டும்தான் உண்டு. பின்னால் யாரும் நிற்கவில்லை.

இதன் சரித்திரம் ரொம்ப நீளமில்லை. 2008இல் ஐடென்டிகா. 2010இல் நியூயார்க்கில் நான்கு மாணவர்கள் பொதுமக்களிடம் 2 லட்சம் டாலர் திரட்டி ஆரம்பித்த டயஸ்போரா. 2012இல் அவர்கள் அதைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்தார்கள். இந்தியக் கட்டற்ற மென்பொருள் சமூகத்தினர் ‘போடரி’ என்று ஒரு டயஸ்போரா சர்வரை நடத்தினார்கள். 2016இல் ஜெர்மனியில் யூகன் ரோக்கோ என்ற இளைஞர் மாஸ்டடானை வெளியிட்டார். இந்தியாவில் அது பேச்சுக்கு வந்தது 2019 நவம்பரில். 1936இல் நாஜி வணக்கம் செய்ய மறுத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஒரு ஜெர்மன் தொழிலாளியின் புகைப்படத்தைத் தம் பக்கத்தில் வைத்திருந்த உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியது. கோபத்தில் நிறையப் பேர் மாஸ்டடானுக்கு வந்தார்கள். நான் பார்த்த அளவில் சில வாரங்களில் திரும்பிப் போனார்கள். 2022இல் மறுபடியும் அதே காட்சி, உலக அளவில். சுமார் 3 லட்சமாக இருந்த மாத உபயோகிப்பாளர் எண்ணிக்கை இரண்டு மாதத்துக்குள் 25 லட்சமாயிற்று. 2023இல் விறுவிறுவென்று இறங்கியது.

கோபம் ஜனங்களைக் கொண்டுவந்து சேர்க்கும், தங்கவைக்காது. வந்தவர்கள் தேடியது பழைய சந்தையின் கூட்டத்தை. சந்தையைத் தேடி வந்தவனுக்கு முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் திண்ணை ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

நம் சரித்திரத்துக்கு வருகிறேன். 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’வை ஆரம்பித்தார். 1970 வரை 119 இதழ்கள். கைப்பணத்தைப் போட்டார், புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். இதை ஒரு தனி மனிதரின் தியாகக் கதையாகவே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதை ஒட்டி நடந்தது. 1968இல் சேலத்திலிருந்து சி. மணியின் ‘நடை’, எட்டு இதழோடு நின்றது. 1970இல் சென்னையில் ‘கசடதபற’. 1978இல் ஆத்மாநாமின் ‘ழ’. ‘எழுத்து’வில் எழுதிய ந. முத்துசாமி ‘நடை’யில் எழுதினார், பிறகு ‘கசடதபற’வில். ‘நடை’யில் தெரியவந்த ஞானக்கூத்தன் ‘கசடதபற’விலும் ‘ழ’விலும் இருந்தார். ஒரு பத்திரிகை இன்னொன்றுக்குக் கிளை இல்லை. ஒன்றின் ஆசிரியர் மற்றொன்றின் ஆசிரியரோடு சண்டைகூடப் போட்டிருக்கலாம். ஆனால் எழுதுகிறவனுக்கு இங்கிருந்து அங்கே போக யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. தனித்தனிப் பத்திரிகைகள் அற்பாயுளில் போயின. அவற்றுக்கிடையே இருந்த சம்பந்தம் போகவில்லை. நாம் சிற்றிதழ் இயக்கம் என்று சொல்வது அந்தச் சம்பந்தத்தைத்தான்.

இது ஒரு மையமில்லாத வலைப்பின்னல் இல்லாமல் வேறென்ன? தபால்தான் அதன் பொது விதி.

ஒப்புமையை இதற்குமேல் இழுத்தால் பொய்யாகிவிடும். பத்திரிகை நின்றால் பழைய இதழ் எங்கோ ஒரு டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் காலமான பிறகும் அவர் சேர்த்துவைத்த காகிதங்கள் இருந்தன. 1994இல் அவை சென்னையில் ஒரு ஆராய்ச்சி நூலகமாயின. சர்வருக்கு டிரங்குப் பெட்டி கிடையாது. மாஸ்டடானில் ஒருவர் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயரலாம். அவரைப் பின்தொடர்கிறவர்கள் கூடவே வருவார்கள், எழுதியவை வராது. அந்தக் குடிபெயர்ச்சியும் பழைய சர்வர் உயிரோடிருக்கும்போதே செய்தால்தான் உண்டு. எங்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை.

சர்வர்கள் எப்படிச் செத்தன என்று பார்த்தால் தொழில்நுட்பக் கோளாறு அபூர்வம். 2017இலிருந்து நடந்த மாஸ்டடான் டாட் டெக்னாலஜி 2022 டிசம்பரில், வெளியே ஜனங்கள் அலைமோதிக்கொண்டிருந்த அதே சமயத்தில், மூடப்பட்டது. நடத்தியவருக்குக் குடும்பச் சூழ்நிலை, களைப்பு. மாஸ்டடான் டாட் லால் 2023இல் ஓயாத சச்சரவில் மனமுடைந்து மூடப்பட்டது. க்வியர் டாட் ஏஎஃப் என்பதன் முகவரி ஆப்கானிஸ்தானத்துக்குரிய குறியீட்டில் முடிந்தது. 2024 பிப்ரவரியில் அங்குள்ள அரசாங்கம் அதைப் பிடுங்கிக்கொண்டது. களைப்பு, சண்டை, பிறத்தியார் நிலத்தில் கட்டிய வீடு. சிறுபத்திரிகைகளின் மரணக் குறிப்புகளிலும் இந்த மூன்றும்தான்.

பெரிய ஸ்தாபனங்கள் சாகாதவையா? காலேஜில் பி.ஏ. படித்தபோது நான் இருந்த ஆர்குட் 2014 செப்டம்பர் 30இல் மூடப்பட்டது. கூகிள் பிளஸ் 2019 ஏப்ரலில். நம்மூர் ‘கூ’ 2024இல். அங்கே நாம் வாடிக்கையாளர்கூட இல்லை, சரக்கு. மூடுகிற தேதியை நமக்கு அறிவிப்பார்கள், அவ்வளவே. சிறு குழுவில் குற்றம் நம்முடையது என்று ஒப்புக்கொள்ளவாவது இடமிருக்கிறது.

பிழைத்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் டேரியஸ் கஸேமி என்பவர் சில பத்து நண்பர்களுக்காக ஒரு சர்வர் நடத்தி, அந்த அனுபவத்தை 2019இல் விரிவாக எழுதினார். அவர் சொல்வதன் சாரம், இது சமூகக் காரியம், இயந்திரக் காரியம் அப்புறம். ஒருவரையொருவர் அறிந்த சிறு எண்ணிக்கை, எழுதிவைத்த விதிகள், எந்தச் சர்வரோடு உறவு, எதோடு இல்லை என்று கூடிப்பேசி எடுக்கும் முடிவு. கடைசியில் சொன்னது லேசான விஷயமில்லை. 2019 ஜூலையில் தீவிர வலதுசாரிகளின் ‘கேப்’ இந்த வலைக்குள் நுழைந்தபோது நூற்றுக்கணக்கானவர்கள் சண்டை போட நேரத்தை வீணாக்காமல் கதவைச் சாத்தினார்கள். திறந்த விதி என்பதற்காக எல்லோருக்கும் பந்தி போட வேண்டியதில்லை.

சட்டம் ஒன்றும் இருக்கிறது. சிறுபத்திரிகைகள் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று அட்டையில் போட்டுக்கொண்டு பதிவு முதலிய தொல்லைகளிலிருந்து ஒதுங்கி நின்றன. சர்வர்களுக்கு அந்த வாசகம் இல்லை. 2021ஆம் வருஷத்து தகவல் தொழில்நுட்ப விதிகள் 50 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களுக்குக் கூடுதல் கடமைகளை விதிக்கின்றன என்றாலும், குறைதீர் அலுவலர் ஒருவர் பெயரைப் போட வேண்டும், 24 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும் என்பவை இடைநிலையாளர் எல்லோருக்கும் பொது. முப்பத்தேழு பேருக்கும் ஒரு குறைதீர் அலுவலர். சிரிக்கலாம், ஆனால் பொறுப்பு யாருடையது என்று பெயர் எழுதிவைத்திருந்தால் எங்கள் சர்வர் அந்தச் செவ்வாய்க்கிழமை செத்திருக்காது.

செம்பாக்கம் ஏரி நிறைந்தால் உபரி நீர் நன்மங்கலத்துக்குப் போகிறது. அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம், முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பு. ஒவ்வொரு ஏரிக்கும் தன் கரை, தன் கலங்கல். சங்கிலியை யார் கட்டினார்கள் என்பதைவிட ஒவ்வொரு கரையையும் யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதுதான் விஷயம். சங்கிலி இருக்கிறது என்ற தைரியத்தில் கரையைப் பார்க்காமல் விட்டவர்கள் நாங்கள். விதி திறந்திருக்கிறது, மென்பொருள் எல்லோருக்கும் பொது, ஆகவே நாம் சுதந்திரமானவர்கள் என்று நினைத்துக்கொண்டோம். சுதந்திரத்துக்கு மாத வாடகை உண்டு என்பதையும் அதை ஒருவரே கட்டிக்கொண்டிருந்தார் என்பதையும் பேச எங்களுக்குக் கூச்சம். தியாகம் என்ற பழைய வார்த்தை அந்தக் கூச்சத்துக்கு வசதியாக இருந்தது. செல்லப்பாவைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள், பக்கத்தில் இன்னொருவர் அதே போலத் தனியாகச் சுமப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம். ஆத்மாநாம் 1984இல் மறைந்த பின்னும் நண்பர்கள் ‘ழ’வில் சில இதழ்கள் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு இருந்தது தொழில்நுட்பமில்லை. அடுத்த இதழை யார் பார்ப்பது என்று பேசிக்கொள்ளும் பழக்கம்.

2025 ஜனவரியில் மறுபடி ஆரம்பித்தோம். பத்தொன்பது பேர் வந்தார்கள். பழைய பதிவுகளில் கொஞ்சம், எங்களைப் பின்தொடர்ந்த வேறு சர்வர்களில் தங்கியிருந்தது, பொறுக்கிச் சேர்த்தோம். ஒரு ஸ்பானிஷ் கவிதை மொழிபெயர்ப்பைப் பற்றி நடந்த மூன்று வார விவாதத்தில் பதில்கள் கிடைத்தன, மொழிபெயர்ப்பு கிடைக்கவில்லை. அதைச் செய்தவரிடமும் பிரதி இல்லை. இப்போது கடவுச்சொற்கள் மூன்று பேரிடம் இருக்கின்றன. ஆளுக்கு மாதம் 50 ரூபாய். வாடகை அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, காப்பாற்ற வேண்டும் என்று தோன்றுவதைத் தாளில் எடுத்து, தனிச்சுற்றுக்கு என்று போட்டு எல்லோருக்கும் தபாலில் அனுப்புகிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு நகல் எடுக்கும் நாள். அது முறை வைத்து நடக்கிறது. போன மாதம் முறை எடுத்தவர் மறந்துவிட்டார். இன்னொருவர் ஞாபகப்படுத்தினார். புதன்கிழமை எடுத்தார்கள்.