இரும்புக் குழாயும் மூங்கில் குச்சியும்

தீபாவளிக்கு ராக்கெட் விடாத பையன்கள் காரமடையில் மட்டுமல்ல, கொங்கு நாட்டிலேயே கிடையாது. சோடா பாட்டிலில் செருகி, திரியைக் கிள்ளி, பற்ற வைத்தால் நேராக மேலே போகும். குச்சியைப் பாதியாக ஒடித்து விட்டால் என்ன ஆகும் என்று ஆராயும் விஞ்ஞானிகளும் தெருவுக்கு ரெண்டு பேர் உண்டு. என்ன ஆகும்? எதிர்வீட்டுத் திண்ணைக்குள் போகும். அப்புறம் அந்த வீட்டுக்காரம்மா வாயிலிருந்து வேறு ராக்கெட் கிளம்பும் :-)

அந்தக் குச்சிக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது.

காரமடையிலிருந்து மேட்டுப்பாளையம், சிறுமுகை தாண்டிப் போனால் பவானிசாகர் அணை. அந்தத் தண்ணீருக்கு அடியில் தணாயக்கன் கோட்டை கிடக்கிறது. மைசூர்ப் படைகள் கஜலட்டிக் கணவாய் வழியாக இறங்கினால் முதலில் மிதிபடுவது இந்தப் பக்கத்துச் சனங்கள்தான். 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் அப்படி இறங்கித்தான் சத்தியமங்கலத்தில் கர்னல் பிளாய்டின் கம்பெனிப் படையோடு மோதி, அதைக் கோயமுத்தூர்ப் பக்கம் பின்வாங்க வைத்தார்.

மைசூர்ப் படையின் தனிச்சிறப்பு அதன் ராக்கெட் பிரிவு. ராக்கெட் ஒன்றும் அவர்கள் கண்டுபிடிப்பு அல்ல, சீனர்கள் பல நூற்றாண்டு முன்பே விட்டிருக்கிறார்கள். ஹைதர் அலியும் திப்புவும் செய்தது ஒரு மாற்றம். மூங்கிலிலும் காகிதத்திலும் இருந்த கூட்டை இரும்பாக மாற்றினார்கள். அவ்வளவுதானா என்று கேட்காதீர்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. மருந்து எரியும்போது உள்ளே அழுத்தம் ஏறும். காகிதக் கூடு ஓரளவுக்கு மேல் தாங்காது, வெடித்துவிடும். இரும்பு தாங்கும். அதனால் மருந்தை இன்னும் இறுக்கிக் கெட்டிக்கலாம், வாயு இன்னும் வேகமாகப் பின்னால் சீறும், ராக்கெட் இன்னும் தூரம் போகும். ஒரு சாண் நீளக் குழாய், அதைத் தோல்வாரால் நாலடி மூங்கிலோடு கட்டினால் ராக்கெட் தயார். நேராகப் போக வைப்பது மூங்கிலின் வேலை. குச்சியை ஒடித்த பையன்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

1780ல் காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்தது ராக்கெட்டால்தான் என்று ஒரு கருத்து உண்டு. 1799 ஏப்ரலில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே ஒரு தோப்பில், பின்னாளில் நெப்போலியனை ஜெயித்த வெல்லிங்டனே இருட்டில் ராக்கெட்டிலும் துப்பாக்கிச் சூட்டிலும் மாட்டிக்கொண்டு திரும்பி ஓடவேண்டி வந்தது. ஆனாலும் ஒரு மாசம் தாங்கவில்லை. மே 4 அன்று கோட்டை விழுந்தது, திப்பு செத்தார்.

சரக்கு லண்டனுக்குப் போனது. வில்லியம் காங்கிரீவ் என்பவருக்கு இதில் ஆர்வம் பிறந்தது. 1804 வாக்கில் கைக்காசைப் போட்டு லண்டனில் கிடைத்த பெரிய ராக்கெட்டுகளை வாங்கி விட்டுப் பார்த்தார். 500, 600 கெஜத்தோடு விழுந்துவிட்டன. இந்திய ராக்கெட் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போகும் என்று அவருக்குத் தெரியும். உல்விச் ஆயுதசாலையின் ஆய்வுக்கூடத்துக்கு அவர் அப்பாதான் அதிகாரி, எனவே இடத்துக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லை (சொந்த பிசினஸ் போல!). முதலில் காகிதக் கூடு, பிறகு இரும்பு. குச்சியைப் பக்கவாட்டில் கட்டினால் ஒரு பக்கம் இழுக்கிறது என்று பிற்பாடு நடுவில் பொருத்தினார். பெரிய ரகம் 3000 கெஜம் போனது. 1807ல் கோபன்ஹேகன் எரிந்ததில் அதற்கும் பங்கு உண்டு. 1844ல் வில்லியம் ஹேல் வாயுவைச் சாய்வாக வெளியேற்றி ராக்கெட்டையே சுழலவிட்டார், குச்சிக்கு வேலையே இல்லாமல் போனது.

காங்கிரீவ் உல்விச்சில் சோதனை நடத்திக்கொண்டிருந்த அதே 1805ல்தான் சங்ககிரி மலைக்கோட்டையில் தீரன் சின்னமலையைத் தூக்கில் போட்டார்கள். ஐரோப்பியப் போர்களில் அந்த ஆயுதத்துக்குப் பேர் காங்கிரீவ் ராக்கெட். மைசூர்க் கொல்லனின் பேர் எந்தக் கணக்கிலும் வரவு வைக்கப்படவில்லை. காங்கிரீவைத் திருடன் என்பதும் சரியில்லை, அளந்து, எழுதி வைத்து, திருப்பித் திருப்பி மாற்றிப் பார்த்தது அவர்தான். ஆனால் மூலதனம் யாருடையது என்று ஒரு வரியாவது எழுத வேண்டாமா?

1954ல் அமெரிக்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர் மாடல் ராக்கெட் செய்தபோது கூடு மறுபடி காகிதத்துக்கே வந்துவிட்டது. சின்னப் பையன்கள் விடுவது, வெடித்தாலும் இரும்புச் சில்லு பறக்கக்கூடாது என்பதால்!

1963ல் நாசாவின் வாலப்ஸ் தளத்துக்குப் பயிற்சிக்குப் போன ராமேஸ்வரத்து அப்துல் கலாம் அங்கே சுவரில் திப்புவின் ராக்கெட் வீரர்கள் ஓவியத்தைப் பார்த்து அசந்துபோனார். அதே நவம்பர் 21 அன்று தும்பாவில் முதல் ராக்கெட். அமெரிக்க நைக் அப்பாச்சி, வந்த உதிரிகளைப் பூட்டி ஏற்றவேண்டியது நம் ஆட்கள் வேலை. தூக்கும் கிரேனில் ஹைட்ராலிக் ஒழுகி ராக்கெட் சாய, எல்லோருமாகக் கைகொடுத்துத் தூக்கி வைத்தார்கள். பிறகு பிரான்சின் சென்டார் ராக்கெட்டை லைசென்ஸ் வாங்கி இங்கேயே செய்தார்கள். 1967 நவம்பர் 20ல் சொந்தமாகச் செய்த ரோகிணி, 75 மில்லிமீட்டர் குறுக்களவு. திப்புவின் குழாயும் ஏறக்குறைய அந்தத் தடிமன்தான்.

2018ல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் நகரா என்ற ஊரில் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டினார்கள். சேற்றில் வெடிமருந்து வாசனை அடிக்கிறதே என்று சந்தேகம். உள்ளே துருப்பிடித்த ராக்கெட் குழாய்கள், ஆயிரத்துக்கும் மேலே. பலவற்றில் மருந்து அப்படியே இருந்தது.