இரண்டு காயிலும் திருவிழாக் கரண்டும்

மகோகனி கிட்டாருக்கு என்ன பிக்கப் மாற்றலாம் என்று கேட்டு என் கடைக்கு வரும் பையன்கள் எல்லாரும் மரத்தில்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். மகோகனி என்றால் நாதம் கனமாக இருக்கும், அதற்கு இந்தக் காந்தம் பொருந்தும், அந்தக் காந்தம் பொருந்தாது என்று நிறையப் படித்துவிட்டு வருகிறார்கள். படிக்கட்டும், நல்லதுதான். ஆனால் சிவகாசி, விருதுநகர், சாத்தூர் பக்கத்து மேடைகளில் பிக்கப்பைத் தீர்மானித்தது மரம் இல்லை. திருவிழாக் கரண்டும், தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியும்தான் தீர்மானித்தன. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு பிக்கப் வாங்கினால் காசு வீணாகாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் சிவகாசியில் ஒரு சவுண்ட் சர்வீஸில் வயர் இழுக்கிற பையனாகச் சேர்ந்தேன். எங்களுக்கு வருஷம் பங்குனியில் பிறக்கும். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல், அடுத்து சிவகாசி பத்திரகாளியம்மன் சித்திரைப் பொங்கல், ஆடியில் இருக்கன்குடி என்று வண்டியை விட்டு இறங்க நேரம் இருக்காது. கச்சேரி மேடை எல்லா ஊரிலும் ஒரே அமைப்புத்தான். முன்னால் வரிசையாக டியூப் லைட், ஒவ்வொன்றுக்கும் ஒரு சோக். பக்கத்தில் அம்மன் உருவத்தில் சீரியல் செட். அதை விட்டு விட்டு எரிய வைக்க மோட்டாரில் சுற்றும் ரோலர். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர். இவ்வளவுக்கும் நடுவில் ஒருவர் எலெக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார். வால்யூமைத் திறந்ததும் குழாயில் இரைச்சல் கிளம்பும். ரோலர் சுற்றச் சுற்ற அதற்கு மேல் பொரிந்துகொண்டே இருக்கும். கமிட்டிக்காரர் ஓடி வருவார்: “அண்ணாச்சி, என்ன செட்டு போட்டிருக்கீக? ஒரே வண்டுச் சத்தமா இருக்கே!”

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய காயில். கிட்டாரின் எஃகுக் கம்பி அந்தக் காந்தப் புலத்தில் ஆடும்போது காயிலில் மின்சாரம் பிறக்கிறது. ஆனால் பக்கத்து டியூப் லைட் சோக்கிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் புலமும் அதே காயிலில்தான் வந்து விழுகிறது. எது பாட்டு, எது கரண்டு என்று காயிலுக்குத் தெரியாது. ஒற்றைக் காயில் பிக்கப்பை எந்த நாட்டில், எந்தக் கம்பெனி செய்தாலும் இது உண்டு. எங்கள் மேடைகளில் எர்த்தும் சரியாக இருக்காது. பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பவரின் உதடு மைக்கில் பட்டதும் சுள்ளென்று அடிக்கும். மைக்குக்குப் பஞ்சு உறை வேண்டும் என்று பாடகர்கள் பிடிவாதம் பிடித்தது அதனால்தான்.

அன்றைக்கு இந்தப் பக்கத்துக் குழுக்களில் இருந்தவை பெரும்பாலும் கல்கத்தா கிட்டார்கள், கிவ்சன், ஹோப்னர் போன்றவை. சென்னைக்குப் போனால் 1842-ல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் கடையில் பார்க்கலாம். 1991-ன் பொருளாதாரத் தாராளமயத்துக்கு முன்னால் வெளிநாட்டுக் கிட்டார் வேண்டுமென்றால் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போனவர் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் பர்மா பஜாரில் அதிர்ஷ்டம் அடிக்க வேண்டும். கல்கத்தா சரக்கு எங்களுக்குப் புதிதில்லை. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அங்கே போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்ததால்தானே சிவகாசி இன்றைய சிவகாசி ஆனது.

கிட்டார் இல்லாத குழுவைக் கமிட்டிகள் கூப்பிடாத நிலை, 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்த பிறகு மெல்ல மெல்ல ஏற்பட்டது என்பது என் கணிப்பு. அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் வாசித்து வளர்ந்த இளையராஜா, தானே கிட்டார் கலைஞர். அவருடைய பாட்டுகளில் கிட்டாரும் பேஸ் கிட்டாரும் பாடகருக்குப் பின்னால் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகும். ரேடியோவில் கேட்டது மேடையிலும் வர வேண்டும் என்று ஜனங்கள் எதிர்பார்த்தார்கள். கர்நாடக சங்கீதத்திலும் கதவு திறந்தது. 1981-ல் சென்னை டிசம்பர் சீசனில், சின்னப் பையனாக இருந்த யூ. ஸ்ரீநிவாஸ் மாண்டலின் வாசித்தார். பின்னாளில் அவர் கையில் நிலைத்தது ஐந்து கம்பிகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலின். அதைக் கேட்ட பிறகு, பிக்கப் வைத்த வாத்தியம் கோயில் வாசலுக்கு ஆகாது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

என் குருநாதர் கிட்டார் வாசிக்கத் தெரியாத ரேடியோ மெக்கானிக். இரைச்சலைப் பற்றிக் குழுக்காரர்கள் அவரிடம் வந்து அழுவார்கள். ஒருநாள் அவர் உடைந்த பிக்கப் ஒன்றிலிருந்து காந்தத்தை உருவி எடுத்தார். வெறும் காயிலை மட்டும் கிட்டாரின் முதுகுக் குழிக்குள் வைத்து, நல்ல காயிலுக்கு எதிர்த் திசையில் சேர்த்துப் பற்றவைத்தார். காந்தம் இல்லாத காயிலில் கம்பியின் ஆட்டம் ஏறாது. கரண்டு இரைச்சல் மட்டும்தான் ஏறும். ஒன்றின் இரைச்சலை மற்றது கழித்துவிடும். மேல் ஸ்தாயியில் கொஞ்சம் பளபளப்புக் குறைந்தது உண்மை. ஆனால் அந்தப் பங்குனியில் அந்தக் கிட்டார்காரர், பாட்டுக்கு நடுவில் வால்யூமை மூடாமல் வாசித்தார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று மேடையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் இதே வழியில் யோசித்தவரும் ரேடியோக்காரர்தான் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்தது. பெயர் செத் லவர். 1910-ல் மிச்சிகன் மாநிலம் கலமசூவில் பிறந்தவர். கடற்படையில் ரேடியோ வேலை பார்த்துவிட்டு, அதே ஊரில் இருந்த கிப்சன் கம்பெனியில் வேலை செய்தார். ஆம்ப்ளிஃபயரில் இரைச்சலை அடக்க வைக்கிற சோக்கைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது: ஆம்ப்ளிஃபயரில் செய்வதைப் பிக்கப்பிலேயே செய்தால் என்ன? இரண்டு காயில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றை எதிர்ச்சுற்றாக இணைத்து, அதன் காந்த முனையையும் மாற்றினார். இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொண்டது. கம்பியின் ஒலியோ ஒன்றோடொன்று கூடியது. 1955 ஜூன் 22-ல் காப்புரிமைக்கு மனுப் போட்டார். 1959 ஜூலை 28-ல்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் செய்த பிக்கப்புகளின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இன்றைக்கு அந்த ஸ்டிக்கர் உள்ள பழைய பிக்கப்புக்கு உலகம் முழுக்கப் போட்டி.

மரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1952-ல் கிப்சன் வெளியிட்ட லெஸ் பால் கிட்டாரின் உடம்பு மகோகனி, மேலே மேப்பிள் பலகை. அதில் ஐந்து வருஷம் இருந்தது ஒற்றைக் காயில் பிக்கப்தான். லவரின் இரட்டைக் காயில் அதில் ஏறியது 1957-ல். 1961-ல் முழு மகோகனி உடம்போடு புது வடிவம் வந்தபோதும் அதே பிக்கப்பைத்தான் போட்டார்கள். மகோகனியும் இரட்டைக் காயிலும் பிறந்ததிலிருந்தே ஜோடி என்று நினைக்கிறோம். அவற்றைச் சேர்த்து வைத்தது கரண்டு இரைச்சல்தான். சேர்ந்த பிறகு அந்த நாதம் காதுக்குப் பழகியது, பழகியதால் பிடித்தது.

மகோகனி மேற்கிந்தியத் தீவுகளையும் மத்திய அமெரிக்காவையும் சேர்ந்த மரம். இந்தியாவுக்கு 1795-ல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு முதலில் வந்தது. இப்போது நம் பக்கத்திலும் தோட்டம் போடுகிறார்கள். காய்ந்த பிறகு அதிகம் சுருங்காது, முறுக்காது. மழை குறைந்து வெயில் கொளுத்துவதால்தானே தீப்பெட்டியும் வெடியும் எங்கள் ஊரில் காய்கின்றன. அதே வெயிலில் மற்ற கிட்டார்களின் கழுத்து வளைந்து வந்திருக்கிறது. நல்ல மகோகனிக் கழுத்து வளைந்து நான் அதிகம் பார்த்ததில்லை. என்னைக் கேட்டால் இந்த வட்டாரத்தில் மகோகனி வாங்க முதல் காரணம் இதுதான், நாதம் அடுத்ததுதான். ஒரு எச்சரிக்கையும் உண்டு. மலிவு விலையில் மகோகனி என்று விற்பதில் நிறைய நாட்டோ மரம். அது மோசமான மரம் இல்லை, ஆனால் மகோகனி விலை கொடுக்க வேண்டாம்.

எங்கள் ஊர் பிக்கப்புகளுக்கு எங்கள் ஊர் வியாதி ஒன்று இருக்கிறது. கம்பி மத்தாப்பு மருந்தில் இரும்புத் தூள் சேர்ப்பார்கள். பொறி பறப்பது அதனால்தான். அந்த வேலை செய்கிறவர் வீட்டில் கிட்டார் இருந்தால், சட்டையிலும் தலைமுடியிலும் வருகிற தூள் நேரே பிக்கப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். காந்த முனைகளைச் சுற்றிக் கறுப்பாக முளைத்து நிற்கும். நாளாக ஆக மூடியின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, துருவேறி, காயிலின் எனாமலைத் தின்றுவிடும். துணியால் துடைத்தால் போகாது, இன்னும் உள்ளே போகும். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுப்பேன், முனை முனையாக. பிறகு மீட்டரை வைத்துப் பார்ப்பேன். நல்ல இரட்டைக் காயில் ஏழரையிலிருந்து எட்டரை கிலோ ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. ஒரு காயிலுக்குச் சுமார் 5,000 சுற்று, கம்பி 0.063 மில்லிமீட்டர், தலைமுடி அளவுகூட இருக்காது. மோட்டார் காயில் கட்டுகிறவர்கள்கூட அதைப் பார்த்துவிட்டு, “இது நம்ம வேலை இல்ல மாப்ள” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய கை மிஷினில் நான் சுற்றுகிறேன். இழுப்பு கொஞ்சம் கூடினால் அறுந்துவிடும், குறைந்தால் சுற்று தளர்ந்து கூவும்.

கூவாமல் இருக்க மெழுகு வேண்டும். அதற்கு நான் எங்கும் அலைய வேண்டியதில்லை. தீக்குச்சியை மருந்தில் முக்குவதற்கு முன்னால் மெழுகில் முக்குவார்கள், மருந்தில் பிடித்த தீ குச்சிக்கு ஏற வேண்டுமே. தெரிந்த தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அந்தப் பாரஃபின் மெழுகு ஒரு கட்டி வாங்கி வைத்துக்கொள்வேன். ஒரு பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் இன்னொரு பாத்திரத்தில் மெழுகு, அடியில் மின்சார அடுப்பு; நெருப்பு வைப்பதில்லை, எங்கள் ஊரில் எந்த வேலைக்கும் அதுதான் முதல் பாடம். சூடு 65 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, போனால் பிளாஸ்டிக் பாபின் நெளிந்துவிடும். பிக்கப்பை இறக்கியதும் காற்றுக் குமிழி வரும். குமிழி நிற்கும்வரை காத்திருந்து எடுக்க வேண்டும். லவரின் முதல் பிக்கப்புகளில் மெழுகு கிடையாது. வீட்டில் வாசிக்க அது இனிமை. குழாய்க்குப் பக்கத்தில் நின்று வாசிக்கிறவருக்கு ஆகாது.

குழாய்களின் காலம் இருந்தவரைக்கும் மகோகனியின் கனம் இந்தப் பக்கத்தில் யார் காதிலும் விழுந்ததில்லை. கிட்டாரின் அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸ். குழாய் ஒலிபெருக்கியோ 300-க்குக் கீழே பெரும்பாலும் பேசாது. போதாததற்கு கிட்டாரை நேராக அகுஜா ஆம்ப்ளிஃபயரின் மைக் சாக்கெட்டில் செருகுவோம். அதன் உள்தடை சில ஆயிரம் ஓம்தான். கிட்டாருக்கு வேண்டியது பத்து லட்சம். மேல் சத்தம் அங்கேயே செத்துவிடும். அடியும் இல்லை, நுனியும் இல்லை, நடு மட்டும் மிஞ்சும். அதனால் அன்றைக்கு எல்லாரும் கேட்டது சத்தமான பிக்கப். எழுபதுகளில் டிமார்சியோ போன்ற கம்பெனிகள் கிளப்பிவிட்ட செராமிக் காந்த மோகம் எங்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது, வந்ததும் ஒட்டிக்கொண்டது.

பிறகு பாக்ஸ் ஸ்பீக்கர்கள் வந்தன, மிக்சர் வந்தது, கிட்டாருக்கென்று தனி ஆம்ப்ளிஃபயரும் வந்தது. மேடையில் இப்போது அடிச்சத்தத்துக்குக் குறைவே இல்லை. செராமிக் போட்ட மகோகனி கிட்டார், கீபோர்டும் பேஸும் நிற்கிற அதே இடத்தில் போய் நின்று குழப்புகிறது. பழைய மேடைக்குச் சொன்ன யோசனையையே இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறவர்கள் இதைப் பார்க்க மாட்டேன் என்கிறார்கள். இன்றைய மேடைக்கு மகோகனி என்றால் நான் போடுவது இதுதான்: கழுத்துப் பக்கம் ‘அல்நிகோ 2’ வகைக் காந்தம், ஏழரை கிலோ ஓமுக்கு மேல் வேண்டாம், பிரிட்ஜ் பக்கம் ‘அல்நிகோ 5’ வகை, எட்டரைக்குள். வால்யூம் கன்ட்ரோல் 500 கிலோ ஓம். 250 போட்டால் மேல் சத்தம் மங்கிவிடும். கழுத்துப் பக்கத்து பிக்கப்பை அடிக்கம்பி ஓரத்தில் ஒரு திருகு இறக்கி வைத்தால் பாதிக் குழப்பம் செலவில்லாமல் தீரும். நிறையப் பேர் அதோடு புது பிக்கப் வாங்காமலே திரும்பிப் போயிருக்கிறார்கள்.

கச்சேரிக் குழுக்கள் குறைந்துவிட்டன. டிராக் போட்டுப் பாடுகிறார்கள், கீபோர்டிலேயே தாளமும் வருகிறது. கிட்டாரோடு என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் சர்ச்சில் வாசிக்கிற பையன்கள், மீதி காலேஜ் பையன்கள். டியூப் லைட் சோக் போய்விட்டது, எல்.இ.டி. திரை வந்துவிட்டது. அதன் பவர் சப்ளை 50 ஹெர்ட்ஸில் இரையாது, கிறீச்சென்று ஊசி மாதிரிக் குத்தும். இரட்டைக் காயில் மட்டும் அதைத் தடுத்துவிடாது. ஆகவே யார் கிட்டாரைக் கொண்டுவந்தாலும் முதலில் பின் மூடியைத் திறந்து, குழி முழுக்கச் செம்புத் தகடு ஒட்டி, எர்த்தைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுக்கிறேன். ஒரு கச்சேரி வாசித்துவிட்டு வரச் சொல்கிறேன். பிக்கப் மாற்றுவதா வேண்டாமா என்று அதற்குப் பிறகு உட்கார்ந்து பேசுகிறோம்.