பாண்டவர் வீடுகள்

பாகலூரினின்று ஓசூர் சென்று மலைமேல் சந்திரசூடேசுவரரைத் தொழும் அன்பர்கள், இக்கிருட்டிணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரம் மலையையும் ஒருமுறை காணல் நலம். அதன் வெறும்பாறை முகட்டில் நடந்தால், கற்பலகைகளாலான சிற்றறைகள் நூற்றுக்கு மேல் தோன்றும். பாண்டவர் வனவாசத்தில் தங்கி, பின் விட்டுநீங்கிய வீடுகள் என்பர் ஊரார். அடியேனும் இளமையில் அங்ஙனமே நம்பினேன்.

உண்மை வேறு. பலகைக் கற்களை நாற்புறமும் நிறுத்தி, பெருங்கல் ஒன்றால் மேலே மூடி, ஒருபுறக் கல்லில் வட்டத் துளையிட்டுள்ளனர். உடலை ஒடுக்கியே புகத்தக்க அத்துளை வாழ்வோர்க்குரிய வாயிலன்று. இவை பெருங்கற்கால மக்கள் இறந்தோர்க்கு எடுத்த கல்திட்டைகள். குழிதோண்ட மண்ணில்லாப் பாறையாதலின் நிலத்தின்மேலேயே எழுப்பினர். இம்மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022-இல் அறிவிக்கப்பட்டமை, இந்நிலத்து மக்களின் தொன்மைக்குச் சான்றாகும்.

மண்ணும் மரமும் கொண்டு அவர்கள் கட்டி வாழ்ந்த வீடுகள் மறைந்தன. முன்னோர்க்கு எடுத்த கல்வீடுகளே நின்றன. பிற்காலத்தில் முதலாம் இராசராசன் தன் பாட்டனார் அரிஞ்சயர்க்கு மேல்பாடியில் அரிஞ்சிகை ஈச்சரத்தைப் பள்ளிப்படையாக எடுப்பித்ததும் இத்தகைய நன்றியுணர்வாலன்றோ!

புதையல் வேட்கையாலும் கல்லுடைப்பாலும் நம் நாட்டில் கல்திட்டைகள் பல அழிந்துபட்டன. கோயில் திருப்பணிக்கென்றாயினும் அக்கற்களைப் பெயர்த்தல் அறமாகாது. குடமுழுக்குக் கண்டு மகிழும் நாம், முன்னோர் நிறுத்திய கல்லையும் நின்ற இடத்திலேயே நிற்கவிடுவோமாக.

திருச்சிற்றம்பலம்.