குடும்பத்தோடு சிங்கப்பூர் – ஒரு சின்ன வரலாறு



நம்ம திருப்பூரில் நாலு ஆர்டர் ஒழுங்காகப் போய், கையில் கொஞ்சம் காசும் நின்றுவிட்டால் வீட்டில் கிளம்புகிற பேச்சு, "இந்த மே லீவுக்குக் குடும்பத்தோட சிங்கப்பூர் போயிட்டு வந்துரலாமா?" என்பதுதான். அவிநாசி ரோட்டில் ஒரு மணி நேரம் போனால் கோவை விமான நிலையம். அங்கிருந்து நேராக சிங்கப்பூர், நாலரை மணி நேரம். டிராவல்ஸில் கேட்டால் பட்டியல் தயாராக இருக்கும். செந்தோசா, யூனிவர்சல் ஸ்டுடியோஸ், நைட் சஃபாரி, கடைசி நாள் முஸ்தபாவில் ஷாப்பிங்.

இந்தக் கட்டுரை அந்தப் பட்டியலைப் பற்றியது இல்லை. "குடும்பத்தோடு" என்கிற ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. தமிழர்கள் சிங்கப்பூர் போவது இருநூறு வருடப் பழக்கம். ஆனால் பெண்டாட்டி பிள்ளைகளோடு, சந்தோஷத்துக்காகப் போய்வருவது ரொம்பப் புதுசு. எவ்வளவு புதுசு என்று பார்ப்போம்.

முதலில் ஒரு துணிக்கடை

நம்ம ஊருக்குப் பொருத்தமாக, கதை கிட்டத்தட்ட ஒரு துணிக்கடையில்தான் ஆரம்பிக்கிறது. 1819 மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாவது முறையாக சிங்கப்பூர் வந்தபோது, பினாங்கிலிருந்து அவரோடு கப்பலில் வந்தவர் நாராயண பிள்ளை. புது ஊரில் வீடு கட்டச் செங்கல் வேண்டுமே! அவர் செங்கல் சூளை வைத்தார். பிறகு பருத்தித் துணி விற்கும் கடை போட்டார். 1822ல் கடை தீயில் எரிந்து, கடனில் மாட்டிக்கொண்டார். ராஃபிள்ஸ் இடம் கொடுத்து உதவ, மறுபடியும் எழுந்தார். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இருக்கும் மாரியம்மன் கோயில் 1827ல் அவர் முயற்சியில் வந்ததுதான். ஆரம்பத்தில் அது மரமும் ஓலைக்கூரையும்தான். சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் இதுதான்.

அதே காலத்தில் இன்னொரு கூட்டமும் வந்து இறங்கியது. அவர்கள் கைதிகள். சென்னை, கல்கத்தா, பம்பாய் பகுதிகளில் தண்டனை பெற்றவர்களைக் கடல் கடத்தி அனுப்பும் வழக்கம் அப்போது இருந்தது. 1825ல் முதல் கூட்டம் சிங்கப்பூர் வந்தது. 1873 வரை அந்த ஏற்பாடு நீடித்தது. ரோடு போட்டது, காடு வெட்டியது, கட்டடம் கட்டியது எல்லாம் இவர்கள்தான். இன்று டூரிஸ்டுகள் நின்று படம் எடுக்கிற வெள்ளை வெளேரென்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1862ல் அர்ப்பணிக்கப்பட்டது. அதைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். சுவருக்குப் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு. சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் நார் ஊறிய தண்ணீர்... நம் செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவர் ஞாபகம் வருகிறதா?

நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள்

அதன்பின் பெரிய அளவில் ஆட்கள் போனது மலாயா தோட்டங்களுக்கு. முதலில் ஒப்பந்தக் கூலி முறை. கப்பல் செலவே கடனாகத் தலையில் ஏறும், அதை வேலை செய்து கழிக்க வேண்டும். 1910ல் அது ஒழிக்கப்பட்டது. கூடவே கங்காணி முறையும் நடந்துவந்தது. தோட்டத்துக் கங்காணி சொந்த ஊருக்கு வந்து, சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் திரட்டிக்கொண்டு போவார். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு பக்கத்து மக்கள் இப்படித்தான் போனார்கள். 1938ல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலி ஆட்களை அனுப்புவதை நிறுத்தியது.

தோட்டங்களுக்காவது கங்காணி குடும்பங்களையும் கூட்டிப்போனார். சிங்கப்பூர் நகரத்து வேலை வேறு. துறைமுகம், ரோடு, முனிசிபாலிட்டி, கடை என்று போனவர்கள் பெரும்பாலும் தனி ஆண்கள். 1931 கணக்கெடுப்பில் சிங்கப்பூர் இந்தியர்களில் ஒரு பெண்ணுக்குச் சுமார் ஐந்து ஆண்கள்! இந்த ஒரு கணக்கு போதும். அந்த ஆண்களில் பலருடைய மனைவியும் குழந்தைகளும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மணியார்டருக்காகவும் கடிதத்துக்காகவும் காத்திருந்தார்கள்.

பயணம் எப்படி இருந்தது? நம்ம ஊரிலிருந்து என்றால் ரயிலில் ஈரோடு, திருச்சி, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம் போகவேண்டும். அங்கே கப்பல். இந்த வழியில் ரொம்பப் பேர் பெற்றது 'ரஜூலா'. 1926ல் கட்டப்பட்ட கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. தளப் பயணி என்றால் அறை கிடையாது. பாயை விரித்த இடம்தான் இடம். ஏறக்குறைய ஒரு வாரம் கடலில். போய்ச் சேர்ந்தாலும் உடனே ஊருக்குள் நுழைய முடியாது. தொற்றுநோய் பயத்தால் செயின்ட் ஜான்ஸ் தீவில் தடுத்து வைப்பார்கள்.

கடிதம் வராத வருடங்கள்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. கப்பல் நின்றது, தபால் நின்றது, பணம் நின்றது. மூன்றரை வருடம்! அப்பா இருக்கிறாரா, சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப்போய்விட்டார்களா என்று எதுவும் தெரியாமல் இங்கே குடும்பங்கள் இருந்தன. அந்த ரயில் பாதைக்குப் போன மலாயாத் தமிழர்களில் ஏராளமானோர் திரும்பி வரவே இல்லை.

போருக்குப் பிறகுதான் மனைவி மக்களை வரவழைப்பது அதிகமானது. ஆனால் 1953 ஆகஸ்டிலிருந்து குடியேற்றச் சட்டம் கடுமையாகி, புதிதாக வேலைக்குப் போவது கஷ்டமாகிவிட்டது. ரஜூலாவுக்குப் பின் 'எம்.வி. சிதம்பரம்' ஓடியது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்தக் கப்பல் பயணமும் முடிந்தது. பிறகு எல்லாம் விமானம்தான்.

சரி, இப்போது?

இன்றைக்கும் ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்கள் கட்டட வேலைக்கும் கப்பல் கட்டும் தளத்துக்கும் சிங்கப்பூர் போகிறார்கள். வொர்க் பர்மிட்டில் போகிறவர் மனைவி, குழந்தைகளைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள முடியாது. அந்த அனுமதி மேல்நிலை வேலைக்காரர்களுக்குத்தான், அதிலும் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் இருக்கவேண்டும். 2020ல் கொரோனா வந்தபோது இந்தத் தொழிலாளர்கள் விடுதிகளுக்குள்ளேயே மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். பாய்மரம் போய் நீராவி வந்தது, நீராவி போய் விமானம் வந்தது. சம்பாதிக்கப் போகிறவன் தனியாகத்தான் போகவேண்டும் என்பது மட்டும் அவ்வளவாக மாறவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், நாலு நாள் டூரில் அரை நாளையாவது இதற்கு ஒதுக்குங்கள்.

1) சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில். துணிக்கடை எரிந்த ஒருவர் எழுந்து நின்ற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

2) செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள்.

3) காம்பெல் லேனில் 2015ல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம். திங்கட்கிழமை லீவு, பார்த்துத் திட்டமிடுங்கள். இதே காம்பெல் லேனில்தான் 1971ல் முஸ்தபா ஒரு சின்ன ரெடிமேட் துணிக்கடையாக ஆரம்பித்தது. அதனால் ஷாப்பிங் போகிறவர்களுக்கும் வரலாறு உண்டு!

4) முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் ரோடு. ஒரு நாள் லீவு கிடைத்த நம் பையன்கள் காய்கறி வாங்கிக்கொண்டு, ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, வீடியோ காலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "எந்த ஊருங்க தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். கதை தானாக வரும்.

இரண்டு நடைமுறை விஷயம். விசா கிளம்பும் முன்பே எடுத்துவிட வேண்டும். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம், யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். செயின்ட் ஜான்ஸ் தீவில் காத்துக் கிடந்தவர்களை நினைத்துக்கொண்டு நிரப்பினால் அது ஒரு சிரமமாகவே தெரியாது.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். இந்த வரலாற்றைப் படிக்க சிங்கப்பூர் வரைக்கும் போகத் தேவையில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களில் எத்தனை பேர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள்! ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போனில் பேசிக்கொண்டு நிற்கிறார்களே, அவர்களுக்குத் திருப்பூர்தான் சிங்கப்பூர். அவர்கள் பிள்ளைகளும் ஒரு மே லீவுக்கு இங்கே வந்து அப்பாவோடு நாலு நாள் தங்கிப் போக நாம் என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்? டூர் டிக்கெட் போடும்போது இதையும் கொஞ்சம் யோசியுங்கள் நண்பர்களே.