மூட்டுக்குச் செய்த மருந்து

ஒரு வீட்டுக்கு எழுதிய கடிதம் அடுத்த வீட்டில் போய்ச் சேர்ந்து, அங்கே ஒரு கல்யாணத்தையே முடித்துவைப்பது கதாசிரியர்களுக்குப் பழக்கமான தந்திரம். வைத்திய சரித்திரத்திலும் அப்படி ஒரு கடிதம் உண்டு.

ஸ்வீடன் தேசத்தில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்று ஓர் அம்மையார் இருந்தார். அந்நாட்டில் மருத்துவப் பேராசிரியராக உயர்ந்த முதல் பெண்மணி. மூட்டுவாதத்துக்குக் கிருமியே காரணம் என்று பலர் நம்பிய காலம் அது. ஆகவே, வலி தீர்க்கும் சாலிசிலேட்டையும் கிருமியை ஒடுக்கும் சல்பாவையும் இணைத்து ஒரு மருந்து செய்வித்தார். 1942-ல் அதன் பலனை வெளியிட்டார். மூட்டுக்காகச் செய்த அந்த மருந்து, பெருங்குடல் புண்ணாகி இரத்தமும் சளியுமாகப் போகிற நோயாளிகளுக்கும் குணம் கொடுத்தது!

அதெப்படி என்ற கேள்விக்குப் பாதி விடை 1977-ல் கிடைத்தது. ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி செய்த வங்காளதேச டாக்டர் ஆசாத் கானும் அவருடைய சகாக்களும் மருந்தை இரு கூறாகப் பிரித்துப் பரீட்சித்தார்கள். குடலை ஆற்றுவது சாலிசிலேட் பகுதி. சல்பா அதைப் பெருங்குடல்வரை சுமந்து செல்லும் வண்டி மாத்திரமே என்று தெரிந்தது.

மறு பாதி, நோயின் சுபாவத்தில் இருக்கிறது. உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குவதால் மூளுகிற அழற்சி இரண்டிலும் உண்டு. குடலில் மூண்ட நெருப்பு குடலோடு நிற்பதில்லை. முழங்காலும் கணுக்காலும் வீங்கும்; கண் சிவந்து வலிக்கும்; முன்னங்காலில் சிவந்த கட்டிகள் எழும்பும்; வாய்ப்புண், இரத்தசோகை, சிலருக்குப் பித்தநாளங்களிலும் கேடு. சில சமயம் குடல் முறையிடுவதற்கு முன்பே மூட்டு முறையிட்டுவிடும்.

இராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியபின், தொழிற்சாலைகள் ஒரகடம்வரை பெருகின. அங்கே ஒரு டீக்கடையில் சந்தித்த இளைஞர், ஷிப்டு முழுவதும் நின்றபடி வேலை செய்கிறவர். முழங்கால் வலிக்கு ஒரு டாக்டர், கண் சிவப்புக்கு இன்னொரு டாக்டர் என்று ஒரு வருஷம் அலைந்திருக்கிறார். நின்று நின்று கால் வலி, வெல்டிங் வெளிச்சத்தால் கண் சிவப்பு என்று தாமே காரணமும் கற்பித்துக்கொண்டார். இரத்தம் போவதை மட்டும் எவரிடமும் சொல்லவில்லை.

"உடம்புச் சூடுன்னு நெனச்சேன் சார். அதைப் போய் எப்படி வெளியே சொல்றது?" என்றார்.

மூன்றாவது டாக்டர் துருவிக் கேட்ட பிறகுதான் குடலைச் சோதித்தார்கள். அதற்குள் ஆள் பாதியாக இளைத்துவிட்டார்.

ஸ்வார்ட்ஸ் அம்மையாரின் மருந்து இன்றும் வழக்கில் இருக்கிறது. அதைவிடப் புதியவையும் வந்துவிட்டன. ஆனால் நோயாளி மறைத்த சேதியைக் கண்டறிகிற மருந்து எதுவும் இல்லை. டாக்டரிடம் காலையும் கண்ணையும் காட்டும்போது, வயிற்றுச் சங்கதியையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.