அண்ணாமலையும் ஒரு கல்லறைக் கல்லும்

வேங்கிக்காலில் நின்று பார்க்கிறவருக்கு அண்ணாமலையை மறைக்க எதுவுமில்லை. கிருத யுகத்தில் நெருப்பாகவும், திரேதா யுகத்தில் மாணிக்கமாகவும், துவாபரத்தில் பொன்னாகவும் இருந்து, கலியில் கல்லாக நிற்கிறது இம்மலை என்பது தலபுராணம். இக்கதைக்கு அறிவியல் ஆதாரம் தேடும் ஆர்வத்தில் சிலர் இதை 'அணைந்துபோன எரிமலை' என்று எழுதியும் பேசியும் வருகிறார்கள். நிலவியலைக் கற்கத் தொடங்கும் மாணவர் முதலில் விலக்கிக்கொள்ள வேண்டிய கருத்து இது.

எரிமலை என்பது உருகிய குழம்பு தரைக்கு மேல் வந்து உறைவதால் உருவாவது. அங்கே எரிமலைக் குழம்பின் அடுக்குகளும் சாம்பற் படிவுகளும் இருக்கும். திருவண்ணாமலை வட்டாரத்துப் பாறைகளோ நைஸ், சார்னோக்கைட் முதலியவை. இவை பூமியின் ஆழத்தில், ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 பாகை செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் உருவானவை. மேலிருந்த பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துச் செல்லப்பட, அடியில் இருந்தது வெளியே தெரிகிறது. ஆக, இம்மலை பொங்கி எழுந்ததன்று. சுற்றிலும் இருந்தவை கரைந்துபோக எஞ்சி நிற்பது.

சார்னோக்கைட் என்ற பெயருக்கே ஒரு வரலாறு உண்டு. கல்கத்தாவை நிறுவியவராக நெடுங்காலம் சொல்லப்பட்ட ஆங்கில வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறை அந்நகரின் புனித ஜான் தேவாலய வளாகத்தில் உள்ளது. அக்கல்லறையின் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, அது சென்னை பரங்கிமலைப் பகுதியிலிருந்து சென்றது என்று கண்டு, 1893இல் அப்பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். இந்திய நிலவியல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹாலந்து, 1900இல் இப்பாறை வகையைப் பற்றி விரிவான நூலொன்றையும் வெளியிட்டார். சார்னாக்கை நகரத்தின் நிறுவனராகக் கொள்ளலாகாது என்று 2003இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகரம் அவரைக் கைவிட்ட பின்னும் நம் ஊர்க் கல் அவர் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது.

குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகியவற்றோடு ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமமும் சேர்ந்திருப்பதே இப்பாறையின் அடையாளம். புதிதாக உடைத்த முகப்பு எண்ணெய் தடவியதுபோல் கரும்பச்சையாக மின்னும். இது குழம்பு உறைந்து உண்டான தீப்பாறை என்றார் ஹாலந்து. பழைய பாறை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறிப் பிறந்த உருமாறிய பாறை என்றனர் பின்வந்தோர். கர்நாடகத்தின் கப்பல்துர்க்கத்தில் நைஸ் பாறையின் நடுவே சார்னோக்கைட் திட்டுத்திட்டாக உருவாகியிருப்பதை மைசூர் நிலவியலாளர் பிச்சமுத்து 1960இல் 'நேச்சர்' இதழில் விளக்கினார். இரு வழிகளிலும் இப்பாறை தோன்றக்கூடும் என்பது இன்றைய புரிதல். பாடநூலில் ஒற்றை வரியாக வரும் ஒரு பெயருக்குப் பின்னால் இத்தனை விவாதம் இருப்பதை மாணவருக்குச் சொல்லித்தர வேண்டும்.

வட தமிழகத்தின் இப்பாறைகளுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். இமயத்தை எழுப்பிய கண்டமோதல் தொடங்கி 5 கோடி ஆண்டுகளே ஆகின்றன. இமயத்திலும் அண்ணாமலை மூத்தது என்று அடியார்கள் சொல்வதில், பாறையின் வயதைப் பொறுத்தவரை, தவறில்லை. ஆனால் பாறையின் வயது வேறு, மலை இன்றைய வடிவம் பெற்ற காலம் வேறு.

இந்த அறிவு தேர்வுக்கு மட்டும் உரியதன்று. திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள கவுத்திமலையிலும் வேடியப்பன் மலையிலும் மாக்னடைட் இரும்புத் தாது இருக்கிறது. 2000களில் அதை வெட்டியெடுக்கும் திட்டம் வந்தபோது சுற்றுவட்டார மக்கள் எதிர்த்து நின்றனர். அத்தகைய நேரத்தில் மலையில் என்ன இருக்கிறது, அது எப்படி வந்தது, போனால் திரும்புமா என்று விளக்க உள்ளூரிலேயே ஆள் வேண்டும். 250 கோடி ஆண்டுகளில் உருவான ஒன்றைப் பற்றி முடிவெடுக்க ஒரு தலைமுறைக்குக் கிடைப்பது சில ஆண்டுகளே. வேங்கிக்கால் பள்ளி மாணவர் தம் மலையின் கல்லைக் கையிலெடுத்துப் பெயர் சொல்லத் தெரிந்திருப்பது அதற்கான தொடக்கம்.